மணல் வளவில் கொம்போஸ்ட்: பரல் (பீப்பாய்) வைத்த பல ஊர்க்காரரின் அனுபவங்கள்

கல்லடி, மட்டக்களப்பு

எங்கட வளவில காலை வைச்சா மணலுக்குள்ள புதையும். கத்தரிக் கண்டுக்குக் காலையில எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் மத்தியானம் வாடிப்போய் நிக்கும். போடுற பசளையும் அடுத்த மழையோட கீழ இறங்கிடும். அதனால கொம்போஸ்ட் செய்து என்ன லாபம் எண்டு யாரும் கேட்டா நான் விளைச்சலைச் சொல்ல மாட்டன், தண்ணியைத்தான் சொல்லுவன். உக்கின பசளை கலந்த பாத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊத்தினாக் காணும். பக்கத்தில சும்மா மணலில நட்டதுக்குக் காலையும் பின்னேரமும் வாளி தூக்க வேண்டிக் கிடக்கு.

குழி தோண்டிப் போடச் சொல்லித்தான் எல்லாரும் சொல்லித் தருவாங்க. வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் மேட்டு நிலத்துக்கு அது சரி. கடலுக்கும் வாவிக்கும் நடுவில இருக்கிற எங்களுக்குச் சரிவராது. கார்த்திகை, மார்கழியில கிணத்துத் தண்ணி குனிஞ்சு மொள்ளுற அளவுக்கு மேல வந்திடும். அப்ப குழிக்குள்ள கிடக்கிறது உக்காது, அழுகும். காத்துப் போகாமல் அழுகிற குப்பைதான் நாறுறது. அந்த ஊத்தைத் தண்ணி மணலுக்குள்ளால கிணத்துக்கும் போகும். பரல் நிலத்துக்கு மேல நிக்குது, அதில இருக்கிற பெரிய விசேஷமே அதுதான். அதையும் கிணத்தடியில வைக்காமல் வளவின் மேட்டுப் பக்கமா, மரநிழலில வைக்கவேணும்.

நான் வைச்சிருக்கிறது 200 லீற்றர் நீலப் பரல். வாங்கும்போது அதுக்குள்ள முன்னம் என்ன இருந்தது எண்டு கேட்டுத்தான் வாங்கினேன். சாப்பாட்டுச் சாமான் வந்த பரல் எண்டா நல்லம். மருந்து, அசிட் வந்த பரல் இனாமாத் தந்தாலும் வேண்டாம். அடியை வெட்டி எடுத்தாச்சு, மண்புழு மேல ஏறி வரும். சுத்திவர விரல் போற ஓட்டைகள். அடியில தென்னம்பாளை, கொத்துமட்டைத் துண்டு, முருங்கைக் கொப்பு எண்டு மொத்தமான சாமான் ஒரு சாண் உயரத்துக்கு. கீழால காத்து வாறதுக்கு அது வேணும்.

மறுகா நடக்கிறது லேசான வேலை. ரெண்டு கடகம் சருகு, அதுக்கு மேல ஒரு வாளி குசினிக் கழிவு, திரும்பச் சருகு. குசினிக் கழிவு எப்பவும் சருகால மூடி இருக்கவேணும். சருகில காபன் கூட, மரக்கறித் தோலிலயும் தேயிலைச் சக்கையிலயும் நைதரசன் கூட. இருபத்தைந்து, முப்பது பங்கு காபனுக்கு ஒரு பங்கு நைதரசன் எண்ட கணக்கில இருந்தா நுண்ணுயிர்கள் நல்லா வேலை செய்யும் எண்டு சொல்றாங்க. அதைக் குசினியில நிண்டு ஆர் அளக்கிறது? மூக்குத்தான் தராசு. மூத்திர மணம் வந்தா குசினிக் கழிவு கூடிப்போச்சு, சருகு போடு. அழுகின முட்டை மணம் வந்தா தண்ணி கூடிப்போச்சு, கிளறிவிட்டுச் சருகு போடு. ஒண்டுமே நடக்காமல் சும்மா காஞ்சு கிடந்தா அரிசி கழுவின தண்ணி தெளி. ஒரு கைப்பிடி அள்ளி இறுக்கிப் பிழிஞ்சு பாருங்க, ஒண்டிரண்டு துளி கசிஞ்சா ஈரம் சரி.

பெரிய பாடு பரல் இல்லை, மாமிதான். பொழுதுபட முத்தத்தைக் கூட்டி, சருகைக் குவிச்சு நெருப்பு வைக்காட்டி அவவுக்கு நித்திரை வராது. நுளம்புக்குப் புகை வேணும் எண்டுவா. “எரிக்கிறதுக்கு இல்லாட்டி இந்தச் சருகை என்ன, பெட்டிக்குள்ள வைக்கவா புள்ள?” எண்டு கேட்டா. கடைசியில வேப்பஞ்சருகு அவவுக்கு, மாஞ்சருகும் பலாச்சருகும் பரலுக்கு எண்டு பாகம் பிரிச்சாச்சு. இப்ப பலாச்சருகு அவவின்ர குவியலுக்குள்ள போயிட்டா அவவே பொறுக்கி எடுத்து வைக்கிறா.

அக்கரைப்பற்று

ராத்தா, நீங்க சொன்னதெல்லாம் சரி. தென்னை நிக்கிற வளவெண்டா ஒரு விசயத்தைக் கட்டாயம் பார்க்கணும். வண்டு.

காண்டாமிருக வண்டு முட்டை போடுறதே உக்கிற சாமானுக்குள்ளதான். செத்த தென்னங்குத்தி, மாட்டெருக் குவியல், கொம்போஸ்ட், எல்லாம் அதுக்குப் புள்ளப்பெத்த வீடு. வளர்ந்த வண்டு ராவையில பறந்துபோய்த் தென்னங்குருத்தைக் குடையும். குருத்து விரிஞ்சு ஓலையாகி வரக்குள்ளதான் நமக்குத் தெரியும், கத்தரிக்கோலால வெட்டி எடுத்த மாதிரி ஓலை முக்கோணமா அறுந்து நிக்கும். எங்கட வாப்பா பரலைப் பார்த்ததும் முதல் கேட்ட கேள்வி, “வண்டு வளர்க்கப் போறியா மகன்?” அவர் கேட்டது நியாயம். 1978 சூறாவளியில மரம் விழுந்து, அந்தக் குத்தியெல்லாம் உக்கின காலத்துல வண்டு பட்ட பாட்டை அவர் இண்டைக்கும் சொல்லுவார்.

அதுக்காகப் பரல் வேண்டாம் எண்டு இல்ல. சும்மா விட்ட குவியல்தான் ஆபத்து. புழு பெருத்துக் கூட்டுப்புழு ஆகிறதுக்கு மாசக்கணக்குல நாள் எடுக்கும். நாம ரெண்டு கிழமைக்கு ஒருக்கா அடிமட்டும் கிளறினா அது தப்பாது. எங்கட வளவுல கிளறுற நாளெண்டா கோழிக்குத் தெரியும். மண்வெட்டியை எடுத்ததும் நாலு பக்கத்தாலயும் ஓடி வந்து நிக்கும். கட்டைவிரல் மொத்தத்துல வெள்ளையா, கபில நிறத் தலையோட, அரைவட்டமா சுருண்டு கிடக்குமே, அதுதான் வண்டுப் புழு. பெரிய புழுவெண்டா சேவலே ரெண்டு தரம் கொத்திக் கீழ போட்டுத்தான் முழுங்கும். மூடிக்குக் கீழ நுளம்பு வலையை விடக் கொஞ்சம் தடிச்ச கம்பி வலை ஒண்டும் இறுக்கி வச்சிரிக்கன்.

இதுல ஆக்கள் மாறி விளங்கிற இடம் ஒண்டு இரிக்கு. தட்டையா, சாம்பல் கபிலத்துல, அரிசியை விடப் பெரிசா நூத்துக்கணக்குல நெளியிற புழு வேற. அது கறுப்புப் படைவீரன் ஈ எண்டு சொல்ற ஈயோட புழு. அந்த ஈ சாப்பாட்டுல வந்து மொய்க்காது. குசினிக் கழிவைத் திண்டு தள்ளுறதுல அதுகளை அடிக்க ஆளில்ல. அதுக்கு மருந்து அடிக்கிறவங்களைக் கண்டா எனக்குச் சரியான கோவம் வரும்.

இன்னொண்டு. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு உழ்ஹிய்யா குடுத்த மாட்டு இரைப்பைக்குள்ள இருக்கிற அரைச்ச புல்லை வீணாக்காதீங்க. இறைச்சி, கொழுப்பு, ரத்தம் சேராமல் அதை மட்டும் வைக்கோலோட கலந்து பரலுக்குள்ள போட்டா, அடுத்த நாளே நடுவுல கை வைக்க ஏலாத சூடு.

களுவாஞ்சிகுடி

சுருக்கமா ஒண்டு மட்டும். மாரிக்கு மூடியைக் கவிழ்த்து வைக்கிறீங்களா, நிமிர்த்தியா எண்டு பாருங்க. பள்ளமான மூடியில தேங்கிற மழைத்தண்ணி டெங்கு நுளம்புக்குக் காணும். சுகாதாரப் பரிசோதகர் வளவுக்குள்ள வந்தா முதல் எட்டிப் பார்க்கிறது அதைத்தான். நாங்க மூடிக்கு மேல ஒரு பழைய தகரத்தைச் சரிச்சு வைச்சிருக்கிறம். சிரட்டையைப் பரலுக்குள்ள போட வேண்டாம். அது இந்த ஆயுளில உக்கப் போறதில்லை, தண்ணியை மட்டும் பிடிச்சு வைச்சிருக்கும். அடுப்புக்குக் குடுங்க.

சம்மாந்துறைக்கு மேற்கே, வயல் பக்கம்

எங்களுக்குச் சருகுக்குப் பஞ்சம், வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. பெரும்போக அறுவடை முடிஞ்ச கையோட வயலில கிடக்கிறதைக் கொளுத்துறாங்க. அதில கொஞ்சத்தை அள்ளி வந்து சாக்கில கட்டி வைச்சா ஒரு வருசத்துக்குப் பரலுக்குப் போதும். வெட்டித் துண்டாக்கி, நனைச்சுப் போடவேணும். நீளமாப் போட்டாக் கிளறுற மண்வெட்டியில சிக்கும்.

கடற்கரைப் பக்க ஆக்களுக்கு இல்லாத ஒரு பயம் எங்களுக்கு இருக்கு. வாழைப்பழத் தோலும் சோறும் மணத்தா யானை வரும். அதனால குசினிக் கழிவை மேலால விடுறதே இல்லை. நடுவில பள்ளம் பறிச்சுப் போட்டு, மேல வைக்கோல், அதுக்கு மேல பழைய கொம்போஸ்ட் ஒரு கை. கூட்டாளி ஒருத்தன் “குப்பைக்கு இவ்வளவு பத்தியமா?” எண்டு சிரிச்சான். அம்பாறைப் பக்கத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக் கதை அவனுக்கும் தெரிஞ்சதுதான். அங்க பொலித்தீனைத் திண்டு எட்டு வருசத்தில இருபது யானை மட்டில செத்தது எண்டு 2022 ஜனவரியில உலகச் செய்தியெல்லாம் வந்தது. யானை அங்க பொலித்தீனைத் தேடி வரேல்ல. பையில கட்டி வீசின சோத்தையும் தோலையும் தேடித்தான் வந்தது. குசினிக் கழிவு வளவோட நிண்டா அந்தப் பையே போகாது.

இதை வைச்சு வயல் செய்யலாம் எண்டு மட்டும் ஆரும் கணக்குப் போட வேண்டாம். 2021ல ரசாயனப் பசளையை ஒரேயடியாத் தடை செய்த நேரம் கண்ட கண்ட பையில எல்லாம் கொம்போஸ்ட் எண்டு வித்தாங்க. நல்ல கொம்போஸ்ட்டிலயும் நைதரசன் நூத்துக்கு ஒண்டு, ரெண்டு தான். ஒரு ஏக்கர் நெல்லுக்கு அது தொன் கணக்கில வேணும். நவம்பரில தடையை எடுத்ததும் ஊரில பாதிப் பரல் தண்ணி பிடிக்கப் போயிற்று. வீட்டுப் பரல் வீட்டுத் தோட்டத்துக்கு. மிளகாய், பயிற்றை, கீரை, அதோட நிக்கவேணும்.

வாழைச்சேனை

தண்ணியில மிதக்கிற ஆற்றுவாழையைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லையே? வாவிக்கரையில அள்ள ஆளில்லாமல் கிடக்கு. நான் போடுறனான். அதில நூத்துக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல தண்ணி. பச்சையாப் போட்டாப் பரல் சகதியாகிடும். தண்ணிக்கு எட்டாத மேட்டில விரிச்சு, வேர் முறுக முறுகக் காயவிட்டுத்தான் எடுக்கவேணும். வேர் ஈரமா இருந்தா திரும்ப முளைக்கும். கராஜ் பக்கத்து வடிகாலில, டவுன் கானில நிக்கிறதைத் தொட வேண்டாம். அழுக்கில இருக்கிற உலோகத்தை எல்லாம் அந்தச் செடி உறிஞ்சி வைச்சிருக்கும். அதைக் கீரைப் பாத்திக்குள்ள கொண்டு வாறது நல்லமில்லை.

அக்கா, மீன் கழிவை என்ன செய்யிறீங்க? எங்கட வீட்டில மரக்கறித் தோலை விட மீன் செதிலும் குடலும்தான் கூட.

கல்லடி

தம்பி, மீன் குடலைப் பரலுக்குள்ள போடுறதே இல்லை. கொம்போஸ்ட் ஆகாது எண்டு இல்லை, ஆகும். ஆனா பூனை, நாய், காகம், அதுக்குப் பின்னால கபரக்கொய்யா. பக்கத்து வளவு ஆக்கள் ஒருநாள் வந்து வேலியில நிண்டு கதைக்கிற நிலைமை வரும். ரெண்டு அடி ஆழத்தில தென்னைக்குச் சுத்தி, தண்டை விட்டுத் தள்ளித் தாட்டு, மேல கல் ஒண்டைத் தூக்கி வைக்கிறன். மாரி பிறந்தா அதுவும் ஏலாது, தண்ணி மேல வந்திடும். அந்த நாளையில சீனியோ சக்கரையோ சரிக்குச் சரி போட்டு வாளியில ஊற விட்டு, மீன் அமினோ எண்ட திரவப் பசளை செய்து, நல்லாத் தண்ணி கலந்து தெளிக்கிறது. இறால் கோது, நண்டுக் கோது வெயிலில மொறுமொறுவெண்டு காஞ்சா இடிச்சுப் பரலுக்குள்ள போடலாம்.

மாரியைச் சொன்னதால இதையும் சொல்லி விடுறன். ஐப்பசி முடியக்குள்ளயே பரலை மாமரத்தோட கயித்தால ரெண்டு இடத்தில கட்டிடுவம். 2024 நவம்பர் வெள்ளத்தில எங்கட ஒழுங்கையால கதிரை, வாளி எல்லாம் மிதந்து போச்சு. பரல் சரிஞ்சது, போகேல்ல.

காரைதீவு

புதுசாத் தொடங்கினவள் கேக்கிறன். எடுக்கிற பருவம் எப்படித் தெரியும்?

அக்கரைப்பற்று

நம்மட வெக்கைக்கு, ஒழுங்காக் கிளறினா ரெண்டு மூணு மாசம், கிளறாட்டி ஆறு மாசத்துக்கு மேல. போட்டதுல பாதிக்கும் கீழ வத்திப் போயிரிக்கும். கையில எடுத்தா எது தோல், எது இலை எண்டு தெரியக் கூடாது, சூடும் இரிக்கக் கூடாது, மழை விழுந்த மண் மணம் வரணும். நிச்சயம் இல்லாட்டி ஒரு சிரட்டையில அதையும் மணலையும் கலந்து கீரை விதை தூவிப் பாருங்க. விதை ஒழுங்கா முளைச்சா எடுக்கலாம், முளைச்சுக் கருகினா இன்னும் கொஞ்சம் விடுங்க. பரல் சின்னதால உள்ளுக்கு எல்லா இடத்துலயும் விதை சாகிற அளவு சூடு வராது. பாத்தியில தக்காளியும் பூசணியும் கேக்காமலே முளைக்கும், பிடுங்க மனம் இல்லாட்டி விடுங்க.

மணல் அரிக்கிற அரிதட்டுல போட்டு அரிச்சா கீழ விழுறது பாத்திக்கு. மேல நிக்கிற கொப்பு, மாங்கொட்டை எல்லாம் திரும்பப் பரலுக்குள்ள. அதுல உக்க வைக்கிற கிருமி ஒட்டிக்கொண்டு இரிக்கும், அடுத்த தரம் கெதியாத் தொடங்கும்.