சிங்கராஜ வனத்தில் அருவி வரை நடை: அட்டைக்கு என்ன செய்வது?

தும்பி:
எங்கள் பல்கலைக்கழக இயற்கை ஆர்வலர் வட்டம் ஓகஸ்டில் தென்னிலங்கையின் சிங்கராஜ மழைக்காட்டுக்குப் போகிறது. குடாவ வாசலால் உள்ளே போய் ஓர் அருவி வரை நடப்பதாகத் திட்டம். பாதிப் பேர் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள், மழைக்காட்டில் கால் வைத்ததே இல்லை. இரத்தம் குடிக்கும் அட்டைக்கு உப்பா சவர்க்காரமா, ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அருவியில் குளிக்கலாமா?

ஈரச்சருகு:
உப்பும் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையில் உப்பைப் போட்டால் குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடலாம். மெல்லிய முனைதான் வாய்ப்பக்கம். அங்கே நகத்தைத் தோலோடு ஒட்டி வைத்துத் தள்ளினால் பிடி விடும், உடனே மற்ற முனையையும் தள்ளிச் சுண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் விரலில் ஏறிக்கொள்ளும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் சுரக்கிறது, அதனால் கடிவாய் கொஞ்ச நேரம் கசிந்துகொண்டே இருக்கும். பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், பயந்துபோவார்கள். காற்சட்டையை உள்ளே விட்டு, முழங்கால் வரை வரும் நெருக்கமான துணிக் காலுறை போட்டால் பாதித் தொல்லை தீரும்.

மலைநாட்டான்:
அட்டையால் உயிர் போகாது. சருகின் நிறத்திலேயே சுருண்டு கிடக்கும், மூக்கு மேல்நோக்கி வளைந்த சின்ன விரியனைக் கவனியுங்கள். இந்தியாவிலிருந்து வரும் விஷமுறிவு மருந்து அதற்குக் கேட்காது. பாதையை விட்டு இறங்கவும் வேண்டாம், பார்க்காமல் மரவேரில் உட்காரவும் வேண்டாம். குளிப்பதென்றால் வழிகாட்டி சரி என்ற இடத்தில் மட்டும். இங்கே வெயில் அடித்தாலும் மேலே மழை பெய்தால் ஆறு பொங்கும். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் உடுப்பைத் தேடாமல் கரையேறுங்கள்.

பச்சைக்குடை:
அருவிக்கென்று ஓடாதீர்கள், தயவுசெய்து. நெடுநேரம் ஒரு குருவியும் கண்ணில் படாது, பிறகு ஒரேயடியாகத் தலைக்கு மேல் பெருங்கூட்டம். பறவையியலாளர் பேராசிரியர் சரத் கொட்டகம இந்தக் கூட்டங்களைப் பற்றித் தொடங்கிய ஆய்வில் சராசரியாக ஒரு கூட்டத்தில் 40 பறவைகள், 11, 12 இனங்கள்! செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்கள் கலகலவென்று கத்திக்கொண்டு போகும், கூடவே கொண்டைக் கரிக்குருவி. மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக் குரல்களையும் அது தன் குரலோடு கலந்து கத்தும், இதைக் கட்டாயம் கேளுங்கள். 1970களில் ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டப் போட்ட பாதை இன்னும் இருக்கிறது, 1977இல்தான் வெட்டு நின்றது. அந்த அகலப் பாதையில் கூட்டங்களை வடிவாகப் பார்க்கலாம்.

தும்பி:
நன்றி. அப்படியானால் காலையில் பறவைகள்தான், நேரம் இருந்தால் அருவி. தொலைநோக்கி எல்லோருக்கும் போதாது, கைமாற்றுவதற்குள் கூட்டம் போய்விடுமா?

பச்சைக்குடை:
சிலம்பன் சத்தம் கேட்டதும் எல்லோரும் அப்படியே நில்லுங்கள். பல பறவைகள் வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும், தொலைநோக்கியை உச்சிக்கிளையில் திரிபவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.