ஸ்பைடர் பிளான்ட் குட்டியே போட மாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட ரெண்டு ஸ்பைடர் பிளான்ட் இருக்கு, வாங்கி 2 வருஷம் ஆகப்போகுது, இலையெல்லாம் தளதளன்னு தொட்டிய விட்டு வழியுது, ஆனா ஒரு குட்டி கூட (கொடி நுனில தொங்குமே, அந்த சின்ன செடி) போடல. என் ஃபிரண்டு தண்ணி ஊத்தவே மறந்துடுவா, அவ செடில பத்து பன்னெண்டு குட்டி தொங்குது. பாத்தாலே கடுப்பாகுது.

வேர் கொஞ்சம் நெருக்கமா இருந்தாதான் கொடி விடும்னு தெரியாம போன வருஷம் பெரிய தொட்டிக்கு மாத்திட்டேன். அப்பதான் பாத்தேன், வேரெல்லாம் குட்டி முள்ளங்கி மாதிரி வெள்ளையா குண்டு குண்டா, பழைய தொட்டில மண்ணே தெரியாத அளவுக்கு சுத்தியிருந்துச்சு. நல்லா வந்துட்டிருந்தத நானே கெடுத்துட்டேன் போல. உரமும் 15 நாளைக்கு ஒருவாட்டி போட்டேன், நைட்ரஜன் ஜாஸ்தியானா வெறும் இலையாதான் வரும்னாங்க, இப்ப நிறுத்தியாச்சு.

இன்னொரு டவுட்டு. செடி ஹால்ல இருக்கு, ராத்திரி 11 மணி வரைக்கும் லைட் எரியும். பகல் கம்மியா ராத்திரி நீளமா ஒரு 3 வாரமாவது தொடர்ந்து கிடைச்சாதான் பூக்கொடி வரும், அதுலதான் குட்டி வரும்னு படிச்சேன். சாயங்காலத்துக்கு மேல லைட்டே போடாத ரூமுக்கு மாத்தினா சரியாகுமா, யாராவது ட்ரை பண்ணிருக்கீங்களா? ஜன்னல்ல இருந்து அஞ்சடி தள்ளி வேற இருக்கு, பகல் வெளிச்சமே பத்தலையோ?

திரும்ப சின்ன தொட்டிக்கு மாத்தவா, இல்ல வேர் நிரம்புற வரைக்கும் அப்படியே விடவா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க ப்ளீஸ்.