ஸ்பேஸ் மவுண்டன் பழைய வீடியோ: எந்த வருடம் என்று கண்டுபிடிக்க உதவி வேண்டும்

மாமா ஃப்ளோரிடாவில் இருந்தபோது டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் எடுத்த விஎச்எஸ் டேப்பை டிஜிட்டலாக மாற்றினேன், ஆனால் டேப்பில் தேதியே இல்லை, மாமாவுக்கும் நினைவில்லை. ஸ்பேஸ் மவுண்டன் என்ற ரோலர் கோஸ்டர் சவாரி முடிந்து நகரும் பாதையில் வெளியே வரும் பகுதிதான் அதில் இருக்கிறது. நிறம் வெளுத்து, பாதி இருட்டு. சவாரிக்கு ஸ்பான்சராக இருந்த டிவி கம்பெனி ஆர்சிஏவின் எழுத்து தெரிகிறது, ஒரு ஓரத்தில் வீட்டுக் கூடம் மாதிரி ஏதோ காட்சி, அப்புறம் டிவிகள்.

இதுவரை பார்த்தது: சவாரி திறந்தது 1975-இல், ஆர்சிஏ ஸ்பான்சர்ஷிப் 1993-இல் முடிந்து அடுத்த வருடம் கூரியர் கம்பெனி ஃபெடெக்ஸ் ஸ்பான்சராக வந்துவிட்டது, அதனால் அதற்குப் பிந்தையது இல்லை. வெளியேறும் பாதையில் முதலில் எதிர்கால வீட்டைக் காட்டினார்கள், 1985-இல் அதை எடுத்துவிட்டு ரைக்கா-1 என்ற வேற்றுக்கிரகக் குடியிருப்பை வைத்தார்கள். டிவி விற்கிற கம்பெனி காசு கொடுத்தால் எதிர்காலம் முழுக்க டிவியாகத்தான் இருக்கும், அது வேறு கதை. பூங்காவின் பழைய வரைபடங்களையும் தேடினேன், அதில் சவாரியின் பெயர் மட்டும்தான், இந்தப் பாதையைப் பற்றி ஒன்றுமில்லை.

எண்பதுகளில் அங்கே போனவர்கள் யாராவது சொல்லுங்கள்: ரைக்கா-1 வந்த பிறகும் அந்தப் பாதையில் வீட்டுக் கூடம் போன்ற காட்சி ஏதாவது இருந்ததா?