ராத்திரி வேர்த்துக் கொட்டுது, மாத்திரை இல்லாம குறைக்க முடியுமா?

கேள்வி: தோழிகளே, எனக்கு 49 வயசு, பீரியட்ஸ் நின்னு எட்டு மாசமாச்சு, நடுராத்திரில திடீர்னு முகமெல்லாம் சூடேறி நைட்டி நனைஞ்சு போகுது, அப்புறம் தூக்கமே இல்ல. என்ன பண்றது?

பதில் 1: அக்கா எனக்கும் இதேதான். சாயங்காலத்துக்கு மேல காபிய விட்டேன், ராத்திரி காரக்குழம்ப நிறுத்தினேன், மெல்லிசு காட்டன் நைட்டி, தலைமாட்டுல பானைத் தண்ணி, இப்ப பரவால்ல.

பதில் 2: சோயால ஐசோஃப்ளேவோன் இருக்கு, அது ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் மாதிரி லேசா வேலை செய்யும், ஆனா சிலருக்குத்தான் கேக்குது. பீரியட்ஸ் நின்னப்புறம் எலும்பு தேயுறதுதான் எனக்கு பெரிய கவலை. 100 கிராம் கேழ்வரகுல 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம் இருக்கு, கூழோ அடையோ சாப்பிடுங்க, தினம் நடங்க.

பதில் 3: பீரியட்ஸ் 12 மாசம் முழுசா வராம இருந்தாத்தான் மெனோபாஸ், அதாவது மாதவிடாய் ஒரேயடியா நின்னதா கணக்கு. அதுக்கப்புறம் கொஞ்சம் ரத்தம் பட்டாலும் டாக்டர்கிட்ட போயிடுங்கம்மா, எங்க பெரியம்மா உடம்பு சூடுன்னு தள்ளிப்போட்டு ரொம்ப கஷ்டப்பட்டாங்க.