அந்த ஏப்ரல் வெயிலில் பூச்சிகள் பட்ட பாடு: பார்த்தவர்கள் எழுதுங்கள்

மொன்யுவா தேன்பெட்டி

2024 ஏப்ரலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 28ஆம் தேதி மியன்மாரின் சௌக்கில் 48.2 டிகிரி போனதே, அந்த வாரம்தான். பூக்காலம் முடிந்து மாமாவின் தேனீப் பெட்டிகள் ஊருக்கு வெளியே வேப்பமர வரிசையில் இருந்தன. வாசலுக்கு வெளியே ஈக்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின, தண்ணீர் எடுக்கப் போகிறவை ஓயவே இல்லை. புழு வளரும் இடத்தை 34, 35 டிகிரியில் நிறுத்தி வைக்க அவை படும் பாடு பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

என் மனதை விட்டுப் போகாதது வேறு. பிற்பகலில் பெட்டிக்கு முன்னால் செத்துக் கிடந்தவை எல்லாமே ஆண் ஈக்கள். கையில் எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வயிற்று நுனியில் உறுப்பு வெளியே பிதுங்கியிருந்தது. ராணியோடு கூடும்போது வெளியே வருவது அது. இவை பெட்டியை விட்டுப் பறக்கக்கூட இல்லை. அதே சூட்டில் வேலைக்கார ஈக்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன, ராணியும் பிழைத்தது. ஆனால் மழை பிடித்த பிறகு அது முட்டை வைத்த அறைகளைப் பார்த்தால், வேலைக்கார அறைகளிலேயே மூடி புடைத்துக்கொண்டு ஆண் ஈயாக வருகிறது. ராணிக்கு வயதாகிவிட்டது என்றார் மாமா. முந்தைய வருடம்தான் வந்த ராணி அது! வேறு யாராவது இப்படிப் பார்த்தீர்களா?

மாண்டலே பருப்புக் குடோன்

தேனீக்குப் பாவம்தான். எங்கள் வண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. உளுந்து, பச்சைப்பயறு மூட்டைகள், மேலே தகரக் கூரை. மேலடுக்கு மூட்டையில் கை வைக்க முடியாது, அப்படிச் சுட்டது. இந்த வருடம் மருந்து வேண்டாம், வெயிலே பார்த்துக்கொள்ளும் என்றார் அப்பா. மதியம் போய்ப் பார்த்தால் வண்டுகள் சாக்குத் தையல் வழியாக வெளியே வந்து, சுவரோரமாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கின்றன. அடி மூட்டைக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவே போய்ப் புகுந்துகொண்டன. ஒரு மூட்டையைப் பிரித்து முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே அவ்வளவு சூடே இல்லை. வெயில் பூச்சியைக் கொல்லும் என்று இனி யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

யாங்கூன், ஓய்வுபெற்ற ஆசிரியர்

மாண்டலே தம்பி, நீங்கள் பார்த்தது கால் முளைத்த வண்டை மட்டும். பயறு வண்டு முட்டையைப் பயற்றின் தோலில் ஒட்டி வைக்கிறது. பொரித்த புழு அப்படியே உள்ளே துளைத்துப் போய், அங்கேயே தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டான பிறகுதான் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். வண்டு ஓடலாம். தோலில் ஒட்டிய முட்டை எங்கே ஓடும்? மேலடுக்கு மூட்டையில் இருந்த முட்டைகளைப் பார்த்தீர்களா?

என் வீட்டுச் சங்கதி சிறியது. அந்தக் கோடையில் மாவு டப்பாவில் சிவப்பு வண்டு ஊர்ந்தது, எப்போதும்போலச் சுறுசுறுப்பாக. எடுத்துப் போடாமல் ஒரு பாட்டிலில் மாவோடு விட்டு வைத்தேன். மழைக்காலம் முடிந்தும் பாட்டிலில் கூட்டம் பெருகவே இல்லை. அது ஏன் என்று தேடியபோதுதான் இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வு கிடைத்தது. இதே மாவு வண்டை 5 நாள் 42 டிகிரியில் வைத்திருக்கிறார்கள். வண்டுகள் பிழைத்தன. ஆனால் ஆண் வண்டுகளுக்குப் பிறந்த வாரிசுகள் பாதியாகக் குறைந்தன. இரண்டாவது தடவை அதே சூட்டைக் கொடுத்தபோது ஆண்கள் ஏறக்குறைய மலடு. பெண்களுக்குத் தனியாகப் பெரிய கேடு இல்லை, ஆனால் கூடி முடித்த பெண்ணின் வயிற்றில் சேமித்திருந்த விந்து கெட்டது. மொன்யுவாக்காரர் இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம், வெயிலையே மருந்தாக்க நினைக்கிறவர்களுக்கு: மூட்டையோடு வெயிலில் போடுவதில் பயனில்லை. தரையில் சூடு இறங்காதபடி கோணியோ வைக்கோலோ விரியுங்கள். மேலே கறுப்புத் தார்ப்பாய். அதன் மேல் பயற்றை மெல்லிசாகப் பரப்பி, கண்ணாடி மாதிரித் தெரிகிற பாலிதீனால் மூடி, ஓரங்களில் கல் வையுங்கள். பயற்றுக்கு நடுவே தெர்மாமீட்டர் செருகுங்கள். 57 டிகிரி ஒரு மணி நேரம் நின்றால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு எல்லாம் போய்விடும். மேகம் போட்ட நாளில் செய்யாதீர்கள். ஆறிய பிறகு இறுக்கமான டப்பாவில் போடுங்கள், சூட்டோடு மூடினால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். வீட்டு அரிசிக்கும் இதே முறைதான், ஆனால் காய்ந்த அரிசி நொறுங்கும்.

மாண்டலே பருப்புக் குடோன்

ஐயா, வீட்டுக்கு இரண்டு வீசைப் பயறு என்றால் சரி. குடோனில் இருப்பதையெல்லாம் மெல்லிசாகப் பரப்ப மாண்டலே அரண்மனை மைதானம் போதாது. முட்டையைப் பார்க்கவில்லை, உண்மை. ஆனால் பெருகவில்லை என்கிற உங்கள் பாட்டிலை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அடி மூட்டைகளில் நன்றாகவே பெருகின.

இன்சேன் மாடித்தோட்டம்

ஆசிரியர் ஐயா சொன்ன "எங்கே ஓடும்" என்பதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. மாடியில் தொட்டியில் கறிவேப்பிலை. வண்ணத்துப்பூச்சி வந்து தளிரில் மணி மணியாக முட்டை வைக்கும், நான் எடுக்க மாட்டேன். அந்த ஏப்ரலில் தளிர் முட்டைகள் சப்பிப் போய்ப் பழுப்பாகிவிட்டன. பெரிய புழுக்கள் சமர்த்து, பத்து மணிக்கே இலைக்கு அடியில் போய்விடும், இன்னும் ஏறினால் தண்டோடு தண்டாகத் தொட்டி விளிம்பு நிழலுக்கு இறங்கும். ஒன்று காலை நிழலில் மேற்குப் பக்கக் கம்பியில் கூடு கட்டியது. மதியத்துக்கு மேல் நேர் வெயில். கூட்டுப்புழுவை நகர்த்தினால் நூல் அறுந்துவிடுமே என்று ஈரத் துணி தொங்கவிட்டேன். கரண்டும் இல்லை, தண்ணீரும் மேலே ஏறவில்லை. கடைசியில் வெளியே வந்தது, ஒரு பக்க இறக்கை விரியவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு மற்ற இறக்கையை மட்டும் திறந்து திறந்து மூடியது. புழுவாக இருந்தபோது அவ்வளவு சாமர்த்தியமாக நிழல் தேடிய அதே உயிர்.

தட்டோன் அக்கா

கொசுவை விட்டுவிட்டீர்களே. வெயில் அடித்தால் கொசு ஒழியும் என்று எங்கள் தெருவிலும் பேச்சு. முற்றத்தில் கிடந்த தகர டப்பாத் தண்ணீரில் புழு செத்து மிதந்தது, அதை நானும் பார்த்தேன். ஆனால் கிணறு வற்றியதால் குளியலறைத் தொட்டி ஏப்ரல் தண்ணீர்த் திருவிழாப் புத்தாண்டுக்கு முன்பிருந்தே காய்ந்து கிடந்தது. மழை வந்து கிணறு ஊறித் தொட்டியை நிரப்பினோம். மறுநாளே உள்ளே நெளிகிறது! சுவரில் ஒட்டிய டெங்குக் கொசு முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது என்று மருத்துவத் தாதி சொன்னாள். சூட்டில் முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசுவுக்குள் கிருமி முற்றுவதும் சீக்கிரமாகிறது. எங்கள் பேரனுக்கு ஜூலையில் டெங்கு, பிழைத்துவிட்டான். தொட்டியைக் காலி செய்தால் போதாது, உள்சுவரை நார் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ந்த தொட்டியையும் தேய்க்க வேண்டும்.

மொன்யுவா தேன்பெட்டி

ஐயா, அந்த வரியைப் படித்துவிட்டு மாமாவிடம் போனில் சொன்னேன். ராணி இளவயதில் பறந்து போய்ப் பல ஆண் ஈக்களோடு கூடி, அந்த விந்தைத்தான் வருடக்கணக்கில் வயிற்றில் வைத்துச் செலவழிக்கிறது. விந்து சேராத முட்டை ஆணாகும். எங்கள் பெட்டியில் நடந்தது அதேதான் போலிருக்கிறது. வயது காரணமில்லை, அந்த வாரத்துச் சூடு. மாமா ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் மதிய வெயில் விழுந்த மேற்கு வரிசைப் பெட்டிகளில்தான் ஆண் அறை அதிகம் என்று அவரே சொன்னார். கிழக்கு வரிசை ராணிகள் ஒழுங்காக வைத்தன. வருகிற மழைக்கு முன் மேற்கு வரிசைக்குப் புது ராணி மாற்றப் போகிறோம். கோடை முடியும்வரை நல்ல ஆண் ஈக்கள் மிஞ்சுமா என்பதுதான் இப்போது கவலை. முட்டையிலிருந்து ஆண் ஈ வெளியே வரவே 24 நாள் ஆகும், கூடுகிற பக்குவத்துக்கு அதற்கு மேலும் சில நாள் வேண்டும். சகாயிங் பக்கம் உயரத்தில் பெட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள், ராணிகளை அங்கே கூட விட முடியுமா என்று கேட்க வேண்டும்.