4 ஸ்பேடுக்கு மேல் 5 ஹார்ட்டா, டபுளா? டபுள் என்றால் முதல் சீட்டு எது?

நாலாவது_சீட்டு

பிரிட்ஜ் டீம் ஆட்டம், ஐம்ப் கணக்கு (இரு மேசைகளின் புள்ளி வித்தியாசத்தைச் சுருக்கி எண்ணும் முறை). நாங்கள் வல்னரபிள் (தோற்றால் அபராதம் கூடுதல், கேம் எடுத்தால் போனஸும் கூடுதல்), எதிரணி இல்லை. நான் மேற்கு. என் கை:

ஸ்பேட்: 8 6 3
ஹார்ட்: கிங் ஜாக் 7 4
டயமண்ட்: ஏஸ் 9 2
கிளப்: குயீன் 10 5

கிழக்கில் பார்ட்னர் 1 ஹார்ட் (ஐந்து சீட்டு). தெற்கு 1 ஸ்பேட். நான் 2 ஸ்பேட், அதாவது லிமிட் ரெய்ஸ் (ஹார்ட்டை ஆதரித்து, கேமுக்கு வரச் சொல்லி அழைக்கும் கை) அல்லது அதற்கு மேல். வடக்கு நேராக 4 ஸ்பேட். பார்ட்னர் பாஸ், தெற்கு பாஸ். இப்போது என் முறை. ஃபோர்சிங் பாஸ் (பார்ட்னர் டபுளோ மேல் ஏலமோ சொல்லியே ஆக வேண்டும் என்ற பாஸ்) பற்றி நாங்கள் எதுவும் பேசி வைக்கவில்லை.

5 ஹார்ட் சொல்வதா, டபுளா, பாஸா? டபுள் நின்றுவிட்டால் லீட் என்ன? ஹார்ட் 4 தவிர வேறு எதையாவது யோசிக்க வேண்டுமா?

ஒற்றை_ராஜா

முதலில் 5 ஹார்ட்டை ஒதுக்கிவிடுவோம். அவர்களிடம் 9 ஸ்பேடாவது இருக்கும், உங்களிடம் 9 ஹார்ட். ழான்-ரெனே வெர்னின் மொத்த டிரிக் விதிப்படி (இரு அணியும் தத்தம் துருப்பில் எடுக்கும் டிரிக்குகளின் கூட்டல், அந்தத் துருப்புச் சீட்டுகளின் கூட்டலுக்குச் சமம்) இரு பக்கமும் சேர்ந்து சுமார் 18 டிரிக். 4 ஸ்பேடுக்கு 10 டிரிக், 5 ஹார்ட்டுக்கு 11 டிரிக் வேண்டும். இதை வைத்துக் கணக்குப் போடுங்கள்:

4 ஸ்பேட் சரியாக 10 எடுத்தால் உங்களுக்கு 8. டபுளோடு 5 ஹார்ட் மூன்று டவுன் (மூன்று டிரிக் குறைவு), மைனஸ் 800. சும்மா விட்டிருந்தால் மைனஸ் 420. 9 ஐம்ப் போச்சு.

அவர்கள் 9 எடுத்தால் உங்களுக்கும் 9. பிளஸ் 100 வர வேண்டிய இடத்தில் மைனஸ் 500. இது 12 ஐம்ப்.

அவர்கள் 8 எடுத்தால் உங்களுக்கு 10. 300 வாங்காமல் 200 கொடுக்கிறீர்கள், 11 ஐம்ப்.

அவர்கள் 7 எடுத்தால்தான் 5 ஹார்ட் நிற்கும். அப்போதும் 650க்குப் பதில் டபுளில் 500 கிடைக்கிறது. லாபம் வெறும் 4 ஐம்ப்.

பார்ட்னரிடம் ஆறாவது ஹார்ட் இருந்தாலோ ஸ்பேட் அறவே இல்லாவிட்டாலோ மொத்தம் 19 ஆகும், கணக்கு கொஞ்சம் உங்கள் பக்கம் சாயும். ஆனால் அப்படிப்பட்ட கை அவரிடம் இருந்தால் அவரே 5 ஹார்ட் சொல்லியிருப்பார் அல்லது சொல்ல முனைந்திருப்பார். உங்கள் கையோ 3-4-3-3, குட்டை சூட்டே கிடையாது. இந்த மாதிரிச் சப்பைக் கையில் விதி காட்டும் எண்ணிக்கையை விடக் குறைவாகத்தான் டிரிக் வரும், கூடுதலாக வராது.

என் ஓட்டு டபுள்.

மெதுவாக_ஆடு

5 ஹார்ட் வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். டபுளில்தான் தயக்கம். உங்கள் கையில் உறுதியான டிரிக் என்று பார்த்தால் டயமண்ட் ஏஸ் ஒன்றுதான். ஹார்ட் கிங், ஜாக் இரண்டும் தற்காப்பில் பாதி மதிப்புதான், ஏனென்றால் ஒன்பது ஹார்ட் உங்களிடம் இருந்தால் அவர்களில் ஒருவரிடம் ஒரே ஒரு ஹார்ட் இருக்க நல்ல வாய்ப்பு.

2 ஸ்பேட் உங்களைக் கேம் வரை கட்டிப்போடும் ஏலம் இல்லை. ஆகவே பார்ட்னரின் பாஸ் ஃபோர்சிங் ஆகாது. வல்னரபிள் நிலையை வைத்து அதை ஃபோர்சிங் என்று ஆடும் ஜோடிகள் உண்டு. ஆனால் முன்கூட்டிப் பேசியிருக்க வேண்டும். பேசாத இடத்தில் அந்த பாஸுக்குச் "சொல்ல ஒன்றுமில்லை" என்றுதான் பொருள்.

விலையையும் பாருங்கள். டபுள் போட்டு அவர்கள் செய்துவிட்டால் 420க்குப் பதில் 590, இழப்பு 5 ஐம்ப். ஒரு டவுன் ஆனால் 50க்குப் பதில் 100, லாபம் 2 ஐம்ப்தான். இரண்டு டவுன் ஆனால்தான் 5 ஐம்ப் திரும்ப வரும்.

ஒற்றை_ராஜா

ஒரு டவுனையே நம்பி டபுள் போடச் சொல்லவில்லை. பார்ட்னரிடம் ஏலத்தைத் திறக்கும் கை இருக்கிறது, உங்களிடம் 10 பாயிண்ட் (ஏஸ் 4, கிங் 3, குயீன் 2, ஜாக் 1; மொத்தம் 40). அவர்களிடம் மிஞ்சினால் 18. வடக்கிடம் நல்ல கை இருந்திருந்தால் முதலில் 3 ஹார்ட் க்யூ பிட் (எதிரணியின் சூட்டையே சொல்லிப் பலம் காட்டும் ஏலம்) சொல்லியிருப்பார். நேராக 4 ஸ்பேட் குதித்ததால் கையில் இருப்பது வடிவம்தான், பலமில்லை. இதோடு இன்னொன்று: இந்த டபுள் "வெட்டிச் சாய்ப்பேன்" என்ற டபுள் இல்லை, "நம்மிடம் சீட்டு இருக்கிறது" என்ற டபுள். பார்ட்னரிடம் 6-5 மாதிரிக் கை இருந்தால் 5 ஹார்ட்டுக்கு இழுக்கட்டும். பாஸ் சொன்னால் அந்த வாய்ப்பே அவருக்கு இல்லை.

விதிப்புத்தகம்

யாரும் கேட்காத ஒன்று: பார்ட்னரின் பாஸ் எவ்வளவு நேரத்தில் வந்தது? 4 ஸ்பேட் ஒரு ஜம்ப். அதற்குப் பிறகு சுமார் 10 வினாடி நிதானிப்பது யாரும் செய்ய வேண்டியதே, அதில் தகவல் எதுவும் இல்லை. அதைத் தாண்டி முப்பது வினாடி அட்டையைத் தொட்டுத் தொட்டு எடுத்து பாஸ் வைத்தாரென்றால் விஷயம் வேறு. அந்தத் தயக்கம் ஏதாவது செய்யச் சொல்கிறது. பாஸும் நியாயமான மாற்று என்பதை மேலே மெதுவாக_ஆடு காட்டிவிட்டார். அப்படி இருக்கும்போது நீங்கள் டபுளோ 5 ஹார்ட்டோ சொல்லி லாபம் அடைந்தால், 16ஆம் விதிப்படி டைரக்டர் ஸ்கோரை மாற்றலாம்.

நாலாவது_சீட்டு

பாஸ் இயல்பான நேரத்தில்தான் வந்தது. அதில் பிரச்சினை இல்லை. லீட்?

துருப்பு_முதலில்

ஸ்பேட். கொஞ்சமும் யோசிக்காமல் சின்ன ஸ்பேட்.

காரணம் ஏலத்திலேயே இருக்கிறது. பாயிண்ட் உங்கள் பக்கம், அவர்கள் வடிவத்தை நம்பிப் போயிருக்கிறார்கள். டம்மியில் (மேசையில் விரிக்கும் வடக்கின் கையில்) வரப்போவது நான்கு துருப்பும் ஒற்றை ஹார்ட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிக்ளேரரிடம் (இரு கையையும் ஆடும் தெற்கிடம்) மூன்று ஹார்ட். ஒன்றை உங்களுக்குக் கொடுத்துவிட்டு மற்ற இரண்டையும் டம்மியில் வெட்டுவார். கிளப்போ டயமண்டோ ஒன்று மிஞ்சினால் அதையும் அங்கேயே வெட்டுவார். ஒவ்வொரு வெட்டும் ஒரு கூடுதல் டிரிக். இதைக் குறைக்க ஒரே வழி துருப்பை இழுப்பது.

இதை யார் செய்ய முடியும்? அவர்களிடம் 9 ஸ்பேட், உங்களிடம் 3. பார்ட்னரிடம் இருப்பது மிஞ்சினால் ஒன்று. நீங்கள் ஹார்ட் 4 போட்டு அவர் ஏஸில் எடுத்தால், அந்த ஒரே ஸ்பேடைத் திருப்புவார், அத்தோடு சரி. டிக்ளேரர் ஹார்ட்டையும் கொடுத்து முடித்துவிட்டார். நீங்கள் இப்போதே துருப்பு போட்டால் முதல் சுற்று. ஹார்ட்டில் உள்ளே வந்ததும் இரண்டாவது. டயமண்ட் ஏஸில் வந்தால் மூன்றாவது. டம்மியின் நான்கில் ஒன்றுதான் மிஞ்சும்.

டயமண்ட் ஏஸை முதலில் எடுத்துப் பார்ப்பது மோசமான லீட். கிங் எங்கிருந்தாலும் அதற்கு வாழ்வு கொடுக்கிறீர்கள், துருப்பு போட உள்ளே வரும் வழியையும் நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள்.

மெதுவாக_ஆடு

லீடில் மறுப்பில்லை, ஆனால் துருப்பு போட்டால் மட்டும் போதாது. டம்மியின் ஒற்றை ஹார்ட்டை டிக்ளேரர் போடும்போது பார்ட்னர் இரண்டாவதாக ஆடுகிறார். ஏஸ் குயீன் 10 8 2 வைத்திருப்பவர் ஏஸை அறைந்தால் வேலை கெட்டது, அவரிடம் திருப்ப ஸ்பேட் கிடையாது. 2ஐப் போட வேண்டும். டிக்ளேரர் 9 போடுவார், நீங்கள் ஜாக்கில் எடுத்து ஸ்பேட் போடுவீர்கள். டிக்ளேரர் கையிலிருந்து ஹார்ட் போட்டால் நீங்கள் ஜாக் போடுங்கள், பார்ட்னர் அதன் மேல் குயீனைப் போடக் கூடாது. "ஹார்ட்டில் இவ்வளவு இருந்தும் இவர் ஏன் ஸ்பேட் லீட் செய்தார்?" என்று பார்ட்னர் தன்னைத்தானே கேட்டால் பதில் கிடைத்துவிடும். பலர் கேட்பதில்லை.

நாலாவது_சீட்டு

8 6 3இல் எது? பார்ட்னரிடம் ஒற்றைக் குயீன் இருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கிறேனே?

துருப்பு_முதலில்

3 அல்லது 6, உங்கள் ஒப்பந்தம் எதுவோ அது. 8ஐ வீணாக்காதீர்கள். ஒன்பது சீட்டு வைத்திருப்பவர் எப்படியும் முதலில் ஏஸையோ கிங்கையோ இறக்குவார், ஒற்றைக் குயீன் அங்கேயே விழும். உங்களிடம் குயீன் 6 3 இருந்தால்தான் இந்த லீட் வலிக்கும்.

இதே ஏலத்தில் உங்கள் கை ஸ்பேட் 8 6 3, ஹார்ட் ஏஸ் கிங் 7 4, டயமண்ட் 9 5 2, கிளப் குயீன் 10 5 என்றிருந்தால் நான் துருப்பு போட மாட்டேன். டம்மியில் நீளமான டயமண்ட் இறங்கினால் அதைத் தடுக்க உங்களிடம் ஒன்றுமில்லை. டிக்ளேரர் தோற்கும் சீட்டுகளை அதன் மேல் தள்ளிவிடுவார். அங்கே ஹார்ட் கிங்கை வைத்து டம்மியைப் பார்த்துவிட்டு, தேவையென்றால் இரண்டாவது டிரிக்கில் துருப்புக்கு மாறலாம். உங்கள் உண்மையான கையில் டயமண்டில் ஏஸும் கிளப்பில் குயீன் 10உம் காவலுக்கு இருக்கின்றன, அதனால்தான் அவசரமில்லாமல் ஸ்பேட் போட முடிகிறது.

விதிப்புத்தகம்

ஃபோர்சிங் பாஸ் விஷயத்தை அடுத்த ஆட்டத்துக்கு முன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நாம் வல்னரபிள், அவர்கள் இல்லை, நம்மில் ஒருவர் லிமிட் ரெய்ஸாவது காட்டியாயிற்று" என்றால் ஃபோர்சிங்கா, இல்லையா? ஒரு வரி போதும்.