பகுப்பாய்வு பாதியில் இருக்கும்போது மாநாட்டுக்கு ஆய்வுச்சுருக்கம் அனுப்பலாமா?

ஆய்வு மாணவி:

வணக்கம். நான் மொழியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். இருமொழிச் சூழலில் வளரும் 6 முதல் 8 வயது வரையிலான குழந்தைகள் ஒரே படக்கதையை இரண்டு மொழிகளிலும் சொல்லும்போது, நிகழ்ச்சிகளை எவ்வாறு ஒன்றோடொன்று கோத்துச் சொல்கிறார்கள் என்பதே என் ஆய்வுப் பொருள். 40 குழந்தைகளின் ஒலிப்பதிவுகள் கைவசம் உள்ளன. அவற்றில் 24 பேருடையவற்றை மட்டுமே எழுத்துப்படியாக்கிப் பகுத்து முடித்திருக்கிறேன். என் துறையைச் சேர்ந்த பன்னாட்டு மாநாடு ஒன்று 300 சொற்களுக்குள் ஆய்வுச்சுருக்கம் கேட்டிருக்கிறது. அனுப்பக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. மாநாடு நடக்க இன்னும் பல மாதங்கள் உள்ளன.

முழு முடிவும் தெரியாத நிலையில், நான் எதிர்பார்க்கும் முடிவை எழுதலாமா, அல்லது "முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்" என்று நிறுத்திக்கொள்வது நேர்மையா? இதே சுருக்கத்தை வேறொரு மாநாட்டுக்கும் அனுப்பலாமா என்பதையும் அறிய விரும்புகிறேன். என் வரைவின் தொடக்கம் இது:

"கதை சொல்லுதல் மனிதகுலத்தின் தொன்மையான பண்பாட்டுச் செயல்பாடுகளுள் ஒன்றாகும். குழந்தைகளின் மொழி வளர்ச்சியில் அதன் பங்கு குறித்துப் பல ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. இவ்வாய்வு இருமொழிக் குழந்தைகளின் கதைகூறல் திறனைப் பல கோணங்களில் ஆராய முற்படுகிறது."

மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர்:

தயங்காமல் அனுப்புங்கள். மாநாடுகளுக்கு வரும் சுருக்கங்களில் கணிசமானவை நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளைப் பற்றியவையே. மதிப்பீட்டாளர்கள் அதை நன்கு அறிவார்கள். ஆனால் "முடிவுகள் விவாதிக்கப்படும்" என்ற வரியை மட்டும் எழுதாதீர்கள். ஒவ்வொரு மதிப்பீட்டாளரின் முன்னும் ஒரு கட்டுச் சுருக்கங்கள் இருக்கும். ஒன்றுக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடியும். அந்த நிமிடங்களில் அவர் தேடுவது, இந்த ஆய்வாளர் மேடையேறும்போது சொல்வதற்கு ஏதேனும் இருக்குமா என்பதைத்தான். அந்த வரி, இருக்குமா என்பது எழுதியவருக்கே தெரியவில்லை என்று அவரை நினைக்க வைத்துவிடும்.

எதிர்பார்ப்பை முடிவாக எழுதுவதும் கூடாது. இரண்டுக்கும் நடுவே நேரான வழி ஒன்று உண்டு: 40 குழந்தைகளிடம் தரவு திரட்டப்பட்டிருக்கிறது, 24 பேரின் கதைகள் பகுக்கப்பட்டுள்ளன, அந்த 24 பேரின் கதைகளில் இன்னது தென்படுகிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மீதமுள்ள 16 பேரின் தரவு வேறு திசையைக் காட்டினால், அதை மேடையில் அப்படியே அறிவிக்கலாம். அதற்காக யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள். சுருக்கத்தில் எழுதியதைக் காப்பாற்றுவதற்காகத் தரவை வளைப்பதுதான் பெருங்குற்றம்.

இனி வரைவுக்கு வருகிறேன். ஆய்வுக்கட்டுரை முன்னுரைகளின் அமைப்பை ஆராய்ந்த ஜான் ஸ்வேல்ஸ், 1990இல் மூன்று நகர்வுகளை விளக்கினார்: ஆய்வுக் களத்தைக் காட்டுவது, அக்களத்தில் உள்ள இடைவெளியைச் சுட்டுவது, அந்த இடைவெளியில் தம் ஆய்வை நிறுத்துவது. முன்னுரைக்காகச் சொல்லப்பட்டதாயினும் சுருக்கத்துக்கும் இது பொருந்துகிறது. உங்கள் மூன்று வாக்கியங்களில் முதல் இரண்டும் களத்திலேயே நிற்கின்றன. மூன்றாவது, இடைவெளி எது என்று சொல்லாமலே ஆய்வுக்குத் தாவிவிடுகிறது. மனிதகுலத்தின் தொன்மையை மதிப்பீட்டாளருக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த இடத்தை உங்கள் குழந்தைகளுக்குக் கொடுங்கள். "பல கோணங்களில்" என்பதையும் நீக்கிவிட்டு, எந்தக் கோணம் என்று எழுதுங்கள்.

கணினியியல் ஆய்வாளர்:

இரண்டு மாநாடுகளுக்கு அனுப்புவது பற்றி: இதில் துறைக்குத் துறை வழக்கம் மாறுகிறது. என் துறையில் மாநாட்டுக்கு முழுக் கட்டுரையையே அனுப்புகிறோம். ஏற்கப்பட்டால் அது தொகுப்பில் வெளியாகி, இதழ்க் கட்டுரைக்கு நிகரான வெளியீடாகக் கருதப்படுகிறது. ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்புவதற்குத் தடை உண்டு. தெரியவந்தால் இரண்டு இடத்திலும் நிராகரிப்பார்கள். சுருக்கத்தை மட்டும் கேட்கும் துறைகளில் இத்தனை கடுமை இருப்பதில்லை. எனினும் அழைப்பு மடலில் "வேறெங்கும் அளிக்கப்படாத ஆய்வு" என்ற நிபந்தனை இருக்கிறதா, ஒருவர் முதன்மை ஆசிரியராக எத்தனை சுருக்கங்கள் அனுப்பலாம் என்ற வரம்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தெளிவில்லாவிட்டால் ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதிக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை.

சமர்ப்பிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஈசிசேர், ஓப்பன்ரிவியூ போன்ற தளங்கள் வழியாக அனுப்பும்போது, மதிப்பீடு இருபுறமும் பெயர் மறைத்து நடப்பதாக இருந்தால், கோப்பில் உங்கள் பெயரை நீக்கினால் மட்டும் போதாது. "எங்கள் முந்தைய கட்டுரையில் காட்டியது போல" என்ற தொடர் உங்களைக் காட்டிக்கொடுக்கும். கோப்பின் பண்புகள் பகுதியிலும் ஆசிரியர் பெயர் தானாகப் பதிந்திருக்கும். கடைசி நாளுக்கு அருகே "ஏஓஈ" (AoE, Anywhere on Earth) என்று குறித்திருந்தால், உலகின் எந்த மூலையிலாவது அந்தத் தேதி முடியாமல் இருக்கும்வரை அனுப்பலாம் என்று பொருள். அது பன்னாட்டுப் பொது நேரத்துக்கு (UTC) 12 மணி நேரம் பிந்திய கணக்கு.

ஆய்வு மாணவி:

இருவருக்கும் மிக்க நன்றி. தொடக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"இருமொழிக் குழந்தைகளின் கதைகூறலை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் சொல்வளத்தையே அளந்துள்ளனர், நிகழ்ச்சிகளை இணைக்கும் முறை இரு மொழிகளிலும் ஒன்றுபோல் வளர்கிறதா என்பது போதிய அளவு ஆராயப்படவில்லை. 40 குழந்தைகளிடம் திரட்டிய கதைகளில் இதுவரை பகுக்கப்பட்ட 24 பேரின் கதைகள், இரு மொழிகளுக்கும் இடையே கணிசமான வேறுபாடு இருப்பதைக் காட்டுகின்றன."

மதிப்பீட்டுக் குழுவில் இருப்பவர்:

இப்போது இது உங்கள் ஆய்வைப் பற்றிய சுருக்கமாகிவிட்டது. ஆனால் மிக முக்கியமான இடத்தில் "கணிசமான வேறுபாடு" என்று மூடிவைத்திருக்கிறீர்கள். எந்த மொழியில் எது கூடுகிறது, எது குறைகிறது? குழந்தைகள் வீட்டு மொழியில் "அதனால்", "இருந்தாலும்" என்று காரணத்தையும் முரணையும் காட்டி, பள்ளி மொழியில் "அப்புறம், அப்புறம்" என்று வரிசையை மட்டும் சொல்லிச் செல்கிறார்கள் என்றால், அதையே எழுதுங்கள். உங்கள் தரவு இதற்கு நேர்மாறாக இருந்தாலும் சரி, அதுவும் சுவையான செய்திதான். எப்படியாயினும், மாநாட்டு அரங்கில் மூன்று அமர்வுகள் ஒரே நேரத்தில் நடக்கும்போது உங்கள் அமர்வுக்கு வந்து உட்காரலாமா என்று ஒருவர் தீர்மானிப்பது அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான்.

விண்ணப்பத்தில் "உரை அல்லது சுவரொட்டி" என்று தெரிவு கேட்டால், இரண்டுக்கும் உடன்படுகிறேன் என்று குறியுங்கள். ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு மாட்டி, அருகே நின்று விளக்கும் சுவரொட்டி அமர்வு, பாதியில் நிற்கும் ஆய்வுக்கு நல்ல இடம். 15 நிமிட உரைக்குப் பின் ஒன்றிரண்டு கேள்விகளுக்கே நேரம் கிடைக்கும்; சுவரொட்டியின் அருகே நிற்பவரோடு துறை வல்லுநர்கள் நெடுநேரம் உரையாடுவதை ஒவ்வொரு மாநாட்டிலும் பார்க்கிறேன்.

முதுநிலை ஆய்வாளர்:

மேலே உள்ளவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். நிராகரிப்பு வந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதையும் முதல்முறை அனுப்புபவர் அறிந்திருப்பது நல்லது. எந்திரக் கற்றல் துறையின் பெரிய மாநாடான நியூரிப்ஸ், 2014இல் தனக்கு வந்த கட்டுரைகளில் பத்தில் ஒரு பங்கை இரண்டு தனித்தனிக் குழுக்களிடம் கொடுத்து மதிப்பிடச் செய்தது. ஏறத்தாழ நான்கில் ஒரு கட்டுரையில் இரு குழுக்களும் வேறுபட்ட தீர்ப்பளித்தன. ஒரு குழு ஏற்றவற்றில் பாதிக்கு மேற்பட்டவற்றை மற்றது ஏற்கவில்லை. எனவே மதிப்பீட்டாளரின் குறிப்புகளில் உள்ள காரணங்களைக் கூர்ந்து படியுங்கள். தீர்ப்பை உங்கள் தகுதிக்கான அளவுகோலாகக் கொள்ளாதீர்கள்.

அதேபோல், ஓரிரு நாளில் "ஏற்கப்பட்டது" என்று பாராட்டு மடல் வந்து, உடனே கட்டணம் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள். 2005இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக மாணவர்கள் கணினி நிரல் ஒன்றால் உருவாக்கிய பொருளற்ற கட்டுரையை ஒரு மாநாடு ஏற்றுக்கொண்டது. அத்தகைய மாநாடுகள் இன்றும் மின்னஞ்சலில் அழைப்பு அனுப்பிக்கொண்டிருக்கின்றன. நிகழ்ச்சிக் குழுவில் இருப்பவர்களின் பெயர்களை உங்கள் நெறியாளர் அறிவாரா என்று கேட்பதே விரைவான சோதனை.

ஆய்வு மாணவி:

இந்த மாநாட்டின் குழுவில் இருவரின் கட்டுரைகளை நானே படித்திருக்கிறேன் என்பதால் அந்தக் கவலை இல்லை. கடைசியாக ஓர் ஐயம்: குழந்தைகளின் குரல் பதிவுகளில் ஒன்றிரண்டை உரையின்போது ஒலிக்கச் செய்யப்போவதாகச் சுருக்கத்தில் எழுதலாமா?

முதுநிலை ஆய்வாளர்:

பெற்றோர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். "ஆய்வுக்காக மட்டும்" என்று இருந்தால் பொது அரங்கில் ஒலிக்கச் செய்ய அது போதாது. உங்கள் அறநெறிக் குழுவின் அனுமதியோடு பெற்றோரிடம் தனியாக ஒப்புதல் பெற வேண்டும். அது கிடைக்கும்வரை, பெயர் நீக்கிய எழுத்துப்படிகளிலிருந்து எடுத்துக்காட்டுகள் தரப்படும் என்று மட்டும் எழுதுங்கள்.